எலிக்குத் தெரிந்த வாசனை

அவளுடைய சொந்தப் பெயர் இங்கே யாருக்கும் நினைவில்லை. மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்பவள். கூண்டுத் தட்டுகளில் விழும் புழுக்கைகளைப் பொறுக்கி எடை போடுவதால் எங்களுக்குப் புழுக்கை அக்கா. கோபித்துக்கொள்ள மாட்டாள். "சிரிங்கடி. ரெண்டு நாள் உங்களுக்கு வெளிய போகலன்னா தெரியும் இதோட அருமை" என்பாள்.

அந்த முறை மலச்சிக்கலுக்குப் புது மருந்து. எல்லா எலிகளுக்கும் முதலில் வயிற்றைக் கட்டும் மருந்து கொடுத்தோம். பிறகு பாதிக்குப் புது மருந்து, மீதிக்கு வெறும் தண்ணீர். தண்ணீர் குடித்தவை முக்கிக்கொண்டு கிடக்க வேண்டும். அவையோ தட்டு நிறையப் போட்டுத் தள்ளின. இரண்டு பக்கமும் ஒரே எடை வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று யார் நம்புவார்கள்? இந்த மருந்தைக் கண்டுபிடித்த எங்கள் டாக்டரம்மாவின் பல வருட உழைப்பு குப்பைக்குப் போகவிருந்தது.

அக்காவின் விடுமுறையில் நான் போனால் மட்டும் தண்ணீர் எலிகள் சமர்த்தாக அடக்கிக்கொண்டிருந்தன. டாக்டரம்மாவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"இந்த ரூமுக்கு ஆம்பளைங்க யாராவது வர்றாங்களா? ஆம்பள வாசனை பட்டாலே எலிக்குப் பயம். பயந்தா வயிறு நிக்காது."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "நாம மூணு பேரும் பொம்பளைங்கதானே மேடம்? அக்கா, யாரையாவது ஒளிச்சு வச்சிருக்கியா?"

அக்கா சிரிக்கவில்லை. நீலக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள். உள்ளே ஒரு ஆணின் கட்டம் போட்ட சட்டை.

கப்பல் வேலைக்குப் போன அவள் கணவனுடையது. அவனை 'அவர்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. முதலில் தினமும் பேசினான், பிறகு எப்போதாவது, பிறகு அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது. கிளம்பிய அன்று அவன் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்காமல் பீரோவில் பூட்டி வைத்திருந்தவள், எண் செத்துப்போன வாரம்தான் எடுத்துப் போட ஆரம்பித்திருக்கிறாள். எங்கள் சோதனையும் அதே வாரம்தான் தொடங்கியது.

"தப்புதான் மேடம். ஆனா இதுல ஒரு வாசனையும் இல்லையே! மோந்து மோந்து பாக்குறேன், பீரோ வாசனைதான் வருது. எல்லாம் போயிடுச்சுன்னுல்ல நெனச்சேன்."

திட்ட வாயெடுத்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல்லேருந்து ஆரம்பிப்போம். இதைத் தொவச்சிட்டுப் போட்டுக்கோம்மா."

"தொவைக்க மாட்டேன் மேடம். இங்க போட்டுட்டு வரமாட்டேன், அவ்வளவுதான்."

புது எலிகள் வந்தன. இம்முறை தண்ணீர் எலிகள் முக்கின, மருந்து எலிகள் போட்டன. டாக்டரம்மா எங்கள் இருவரையும் கட்டிக்கொண்டார்.

சோதனை முடிந்த பிறகு ஒரு நாள் எலி அறைக்குள் போனேன். அக்கா உறையிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து, ஒரு கூண்டருகே அதன் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். எலி மூலையில் ஒடுங்கியது. தட்டில் பொத்துப் பொத்தென்று புழுக்கைகள் விழுந்தன.

கேலி ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அக்கா திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"இன்னும் இருக்காருடி" என்றாள்.