அம்மா ஏறி நின்ற பலகை

உருகிய மெழுகுதிரி வாசம்… அதோடு உப்புக் காற்று, அம்மா சுட்ட தேங்காய்ப்பூ ரொட்டி. இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் எங்கள் ஊர், அறுகம்குடா, அதன் பேரை யாராவது சொன்னால் எனக்கு ஞாபகம் முதலில் மூக்கில்தான் வரும்.

இப்போது அங்கே விடுமுறைக்குப் போய் ஃபோட்டோ போடும் நண்பர்களுக்காக ஒரு பழைய கதை.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பதின்மூன்று வயது. தங்குவதற்கு ஒன்றிரண்டு ஓலைக் குடில்கள்தான் இருந்தன. பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் சர்ஃபிங் செய்ய வந்த வெள்ளைக்காரர்கள் விடிந்ததும் பலகையை மணலில் கிடத்தி, குனிந்து மெழுகுதிரியால் தேய்ப்பார்கள். கால் வழுக்காமல் இருக்கத்தான். எங்கள் ஆட்களோ கொஞ்சக் காலம் அதை அவர்களுடைய பூசை என்றே நினைத்திருந்தார்கள்.

கரைவலை இழுக்கிறவர்களுக்கு இன்னொரு குழப்பம். தினமும் கடலுக்குப் போய்த் தினமும் வெறுங்கையோடு வருகிற மனிதர்களை அவர்கள் கண்டதில்லை. "இண்டைக்கும் ஒண்டும் படல்லயா?" என்று பாவப்பட்டு, நாலு சூடை மீனைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள்.

அப்பா அப்போது சவூதியில் இருந்தார். அம்மா ரொட்டியும் சம்பலும் செய்து கடற்கரையில் விற்றார். கூடையின் ஒரு பிடி அம்மாவிடம், மறு பிடி என்னிடம். அம்மாவுக்கு முப்பத்துமூன்று வயது. அன்றைக்கு எனக்கு அது பெரிய வயதாகத் தெரிந்தது… என் மகளுக்கே இப்போது இருபத்தொன்பது.

எங்களிடம் வாடிக்கையாக ரொட்டி வாங்கிய ஜேன் என்ற ஆஸ்திரேலியப் பெண் ஒருநாள் பலகையைத் தட்டிக் காட்டி அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா சிரித்து மழுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றினார்.

மூன்று நாள் மணலிலேயே பாடம். பாதத்தைக் குறுக்காக வை, முழங்காலை மடி, கீழே பார்க்காதே, தூரத்தைப் பார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஜேனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் ஓயாமல் கதைத்தார்கள். நான் கூடையைக் கட்டிப்பிடித்தபடி, இவர் யாரோ நான் யாரோ என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் கடலில் இறங்கினார். களப்பின் அலையில்லாத தண்ணீரில் நீந்திப் பழகியவர், தண்ணீருக்குப் பயமில்லை. சீத்தைத் துணிப் பாவாடையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டார். கரையோரம் நுரைத்து வரும் சின்ன அலைதான். விழுந்தார்… திரும்ப விழுந்தார்… பிறகு நின்றார். ஐந்து எண்ணும் நேரம் இருக்கும். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அம்மா என்னை நோக்கி வந்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை அவர் முகத்தில் கண்டதில்லை.

வலை இழுத்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரோ விசிலடித்தான். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்பாவும் அவர்களோடு நின்றார். அப்பா வெளிநாட்டில், அம்மா பலகையில்… ஊர் என்ன கதைக்கும் என்று பதின்மூன்று வயதில் எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அழுதுகொண்டு தண்ணீருக்குள் ஓடினேன்.

"வெளிய வாங்கம்மா. எல்லாரும் பாக்காங்க. எனக்கு வெக்கமா இருக்கு."

அம்மா பலகையை ஜேன் பக்கம் தள்ளிவிட்டு, பாவாடையைப் பிழிந்துகொண்டு, கூடையைத் தூக்கினார். அடுத்த நாளும் ரொட்டி விற்றோம். ஜேன் கூப்பிட்டபோது தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் கடலில் கால் நனைத்ததைக்கூட நான் காணவில்லை.

பிறகு நாட்டில் பிரச்சினை… வெள்ளைக்காரர்கள் எங்கள் ஊருக்கு வருவது நின்றது. நாங்கள் அவர்கள் ஊருக்கு வந்து சேர்ந்தோம். சுவிட்சர்லாந்தில், ஓல்டன் நகரின் ஒரு முதியோர் இல்லத்தில் அம்மா இருபது வருடம் துப்புரவு வேலை செய்தார். அந்தக் காலையைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

என் மகள் இப்போது இங்கே ரொய்ஸ் ஆற்றில் ஓரிடத்தில் எழும்பி நிற்கும் அலையில் சர்ஃபிங் போகிறாள். விழுந்ததைக்கூட வீடியோ எடுத்துப் போடுகிறாள். முதல் ஹார்ட் என்னுடையதுதான். நாலு பேர் பார்த்துவிட்டார்களே என்று அன்றைக்கு அழுதவள், இன்றைக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தட்டித் தட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு வீடியோவுக்கும் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருக்கும். கேட்கிற தைரியம்தான் வரவில்லை.

இந்த வருடம் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. முழங்காலைப் பழக்கும் ஃபிசியோதெரபிக்கு, மொழிபெயர்க்க நான் கூடப் போகிறேன். போன செவ்வாய்க்கிழமை அந்த ஃபிசியோக்காரர் அடிப்பக்கம் உருண்டையான ஒரு பலகையைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு நேராக நிற்கச் சொன்னார். நானும் அப்படியே தமிழில் சொன்னேன்.

அம்மா நேராக நிற்கவில்லை. பாதத்தைக் குறுக்காக வைத்தார். முழங்காலை மெல்ல மடித்தார். கீழே பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே ரயில் பாதைப் பக்கம் பார்த்தார். பிறகு கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தார்… மற்றக் கையையும் எடுத்தார். பலகை ஆடியது. அம்மாவும் அதோடு ஆடினார், விழவில்லை.

இதை எங்கே பழகினார் என்று ஃபிசியோக்காரர் கேட்டார். சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த மற்ற நோயாளிகளும் திரும்பிப் பார்த்தார்கள். என் அம்மா கடலில் சர்ஃபிங் செய்தவர் என்று சுவிஸ் ஜெர்மனில் சொன்னேன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். 

சர்ஃபிங் என்ற அந்த ஒரு சொல் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. கையை விரித்தபடி, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"எல்லாரும் பாக்காங்களா மகள்?"

"ஓம்மா, பாக்காங்க. பாக்கட்டும். நீங்க நில்லுங்க."

நின்றார். நான் ஐந்தைத் தாண்டியும் எண்ணிக்கொண்டிருந்தேன்.