ஆறு கட்டைப் பாட்டு

1. முதல் நாள்

தென்காசியில் கோமதியக்கா வீட்டுக்கு நான் ஆர்மோனியப் பெட்டியோடு போய் இறங்கிய அன்று, அவர் என்னை வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. "எத்தன கட்டையில வாசிப்ப தம்பி?" என்று மட்டும் கேட்டார். எந்தக் கட்டை சொன்னாலும் வாசிப்பேன் என்றேன். எனக்கு அப்போது இருபது சொச்சம் வயது. அந்த வயதில் எனக்குத் தெரியாதது எதுவும் இருக்கவில்லை.

இப்போது கீபோர்டு வாசிக்கிற பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாடுகிறவரின் சுருதியைத்தான் நாங்கள் கட்டை என்போம். ஒருவருக்கு ஒரு கட்டை ஒத்துவரும், அதற்கு மேலே போனால் தொண்டை பிடிக்கும். உங்களுக்கு ஒரு பட்டனை அமுக்கினால் சுருதி ஏறும், இறங்கும். எங்களுக்கு விரல்கள் எல்லாம் இடம் மாற வேண்டும். தபலாக்காரருக்கு அதுவும் முடியாது, வேறு தபலாவே வேண்டும்.

"அப்பம் சரி," என்றார் அக்கா. "நம்ம கச்சேரி பூராவும் நாலரை. ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் ஆறு. அது கடைசியில வரும்."

"ஏங்க்கா, அதுக்கு மட்டும் ஆறு?"

"அத எங்கிட்ட கேக்காத. கேக்க வாரவுககிட்ட கேளு," என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போய்விட்டார். முகத்தில் கடுகு போட்டால் வெடித்திருக்கும்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த தபலா மைதீன் பாய் சிரித்தார். அவர் பக்கத்தில் துணி உறை போட்ட சின்னத் தபலா ஒன்று தனியாக இருந்தது. "இது அந்த ஒரு பாட்டுக்குத்தான் தம்பி," என்றார். "ஊர் ஊரா இதத் தூக்கிட்டு அலையுதேன். இந்த உறையக் கழத்துனாப் போதும், சனம் கைதட்ட ஆரம்பிச்சிருவாவ. அக்காவுக்கு முந்தி எனக்குத்தான் கைதட்டல்."

2. போட்டி

நான் சேர்வதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, குற்றாலத்தில் சீசன் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு பாட்டுப் போட்டி வைத்தார்கள். போட்டியின் விதி கொஞ்சம் விசித்திரமானது. எல்லோருக்கும் ஒரே பாட்டு. உள்ளூர் வாத்தியார் ஒருவர் எழுதி மெட்டும் போட்டிருந்தார். வருகிறேன் என்று சொல்லிப் போனவனுக்காக ஒருத்தி காத்திருக்கிற பாட்டு.

*வாரேன்னு சொன்னவரே,*
*சாரலும் வந்தாச்சு...*

அந்த 'வந்தாச்சு' மேல் பஞ்சமத்துக்கு, பாட்டின் உச்சிக்கே, போய் அங்கேயே நிற்க வேண்டும். போட்டிக்கு ஆர்மோனியம் வாசித்தவர் பழைய நாடகக்காரர். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாட வேண்டும் என்பதால் நாடகத்தில் எல்லாமே ஆறு கட்டை. மனிதர் வாழ்நாளில் அதைவிட்டு இறங்கியதில்லை. யார் வந்தாலும் அவர் விரல் அங்கேதான் இருந்தது.

அக்காவின் அப்பா ஓதுவார். தேவாரத்தில் ஆரம்பித்துச் சின்ன வயதிலிருந்தே அக்காவுக்கு முறையாகச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். இருவரும் ஒரே பஸ்ஸில் போட்டிக்குப் போனார்கள். இலஞ்சிக்குப் பக்கத்தில் ரோட்டில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. இவர்கள் போய்ச் சேரவும் அக்காவின் பெயரைக் கடைசியாகக் கூப்பிடவும் சரியாக இருந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மேடை ஏறினார். சுருதி தன்னுடையது இல்லை என்று முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. நிறுத்தி இறக்கச் சொல்லத் தைரியம் இல்லை. 'வந்தாச்சு' என்று மேலே போன இடத்தில் குரல் உடைந்தது. ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு எப்படியோ பிடித்துப் பாடி முடித்தார்.

முதல் பரிசு அவருக்குத்தான். மைதானமே எழுந்து நின்று கைதட்டியதாம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கோப்பையைக் கையில் வாங்கவில்லை. "கைதட்டுனவனுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும்லா?" என்று மட்டும் கேட்டாராம். அடுத்த ஆண்டு அவர் காலமாகிவிட்டார். அக்கா இதை என்னிடம் சொல்லும்போது அழவில்லை. சோற்றில் கல் எடுக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துச் சொன்னார்.

3. வந்தாச்சு கோமதி

அந்தப் பாட்டுத்தான் எங்களுக்குச் சோறு போட்டது, அதை மறைக்க வேண்டியதில்லை. கோவில் கொடை விழா, கல்யாணம், பொருட்காட்சி, எதற்குக் கூப்பிட்டாலும் நோட்டீஸில் அக்கா பெயருக்கு முன்னால் அந்தப் பாட்டின் முதல் அடி இருக்கும். ஜனங்கள் 'வந்தாச்சு கோமதி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் "வந்தாச்சு கோமதி வந்தாச்சு, போலாம் ரைட்" என்பார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

உடைந்த இடம்தான் அவர்களுக்கு வேண்டும். அதுதான் அக்காவுக்குத் தாங்க முடியவில்லை. வாசுதேவநல்லூரில் ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு, மேடைக்குப் பின்னால் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த எடத்துல அழுதியல்லாக்கா, எனக்கும் அழுக வந்துட்டு," என்றாள். அக்கா அவள் பிள்ளையின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"நான் எங்க தம்பி அழுதேன்? தப்பு பண்ணுனேன். அப்பா சொன்னது சரி. இவுகளுக்கு ஒண்ணும் தெரியல. தெரியாதவுக முன்னால தெனம் தெனம் அதே தப்ப வேணும்னே செய்யுதேன். இதுக்குப் பேரு பாட்டா?"

ஆலங்குளத்தில் ஒரு தடவை ஐந்து கட்டைக்கு இறக்கிப் பார்த்தோம். பாய் சின்னத் தபலாவின் உறையைக் கழற்றாததைப் பார்த்ததுமே கேலி விசில் பறந்தது. பாதிப் பாட்டில் மறுபடி ஆறுக்கு ஏற்றினோம். எனக்கு விரல் குழம்பிப் போய், ரெண்டுங்கெட்டான் சுருதியில் கொஞ்ச நேரம் ஊரையே வதைத்தேன்.

ஆய்க்குடியில் அதைவிட மோசம். அக்கா அந்தப் பாட்டைப் பாடாமலே மங்களம் பாடிவிட்டார். கூட்டம் அசையவில்லை. விழாக் கமிட்டிப் பெரியவர் மேடைக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா, முடிச்சிட்டிய? ஊரே அதுக்குத்தானே குத்தவச்சிருக்கு?"

"தொண்ட சரியில்ல அண்ணாச்சி."

"தொண்ட சரியில்லாமத்தான் இம்புட்டு நேரம் பாடுனியளா? அது இல்லன்னா கச்சேரி பாதிதான். பாத்துக்கிடுங்க."

அக்கா பாடினார். கூட்டம் அடம்பிடித்த கோபத்தில் மேலே போய்த் தொண்டையைக் கிழித்துப் பாடினார். கூட்டத்துக்குப் பரம திருப்தி. அந்த வாரம் முழுவதும் அக்கா வீட்டில் சைகையில்தான் பேச்சு. தென்காசி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இப்படியே கத்திக்கிட்டிருந்தா பாட்டு மட்டுமில்லம்மா, பேச்சும் போயிரும்," என்று சொல்லிவிட்டார். பாடினால் குரல் போய்விடும், பாடாவிட்டால் கச்சேரி போய்விடும் என்ற நிலைமை.

4. மறுபடி குற்றாலம்

அதற்கடுத்த சீசனில் குற்றாலத்தில் இருந்தே கூப்பிட்டார்கள். போட்டி நடந்த அதே மைதானம். மாலைக் கச்சேரி. வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று நான் சொன்னேன். "எந்த ஊர்க்காரங்கிட்டனாலும் சொல்லிருவேன். அவுககிட்ட மட்டும் எப்படிச் சொல்ல?" என்றார் அக்கா.

அன்று காலையில் இருந்தே சாரல். தபலாவின் தோல் ஈரக்காற்றில் தொய்ந்துவிடும், சுருதி தானாக இறங்கிவிடும். பெரிய தபலா எப்படியோ நாலரையில் நின்றது. சின்னத் தபலாவைப் பாய் தட்டித் தட்டிப் பார்த்தார், ஆறுக்கு ஏறவே இல்லை. மேடைக்குப் பக்கத்தில் நேந்திரங்காய் வறுவல் கடை ஒன்று இருந்தது. இடைவேளையில் பாய் தபலாவை எடுத்துக்கொண்டு போய் அந்த அடுப்புச் சூட்டில் காட்டிக்கொண்டு நின்றார். கடைக்கார அம்மாள் செல்லம்மா எண்ணெய்ச் சட்டியில் கரண்டி போட்டபடியே கேட்டார்.

"என்ன பாய், அந்தப் பாட்டுக்கா?"

"ஆமாம்மா. ஏற மாட்டேங்குது."

"ஏறாது. அது யாருக்குத்தான் ஏறிச்சி?" என்று அவர் சொன்னதைப் பாய் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுப்பில் ஏறின சுருதி மேடைக்கு வந்ததும் இறங்கிவிட்டது. கடைசிப் பாட்டு நேரம். பாய் சின்னத் தபலாவைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். உறை கழன்றிருந்ததால் கூட்டம் அதற்குள் கைதட்டத் தொடங்கியிருந்தது. அக்கா கொஞ்ச நேரம் அந்தத் தபலாவையே பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"நாலரையிலயே வையி தம்பி."

"அக்கா, ஆலங்குளத்துல..."

"வையி."

வைத்தேன். அவர் அந்தப் பாட்டை அப்படிப் பாடி நான் கேட்டதே இல்லை. அவசரம் இல்லை, முட்டல் இல்லை. 'வந்தாச்சு' மேலே போய் மணி அடித்த மாதிரி சுத்தமாக நின்று, மெல்ல இறங்கியது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கூட்டத்துக்குச் சிலிர்க்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைதட்டல். பின்னாலிருந்து ஒரு குரல், "பழைய மாதிரி பாடுங்க" என்றது. உடனே நாலாபக்கமும் அதே பேச்சு.

அக்கா மைக்கைப் பிடித்தார்.

"இதாம் பாட்டு. இப்படித்தான் பாடணும். இதே எடத்துல அன்னைக்கு எனக்குக் கொரலு ஒடஞ்சிட்டு. நீங்க அத அழுகைன்னு நெனச்சிட்டிய. நானும் இத்தன வருசமா ஒங்கள ஏமாத்திட்டேன். அது தப்பு. தப்புக்குப் போயி கைதட்டாதிய."

எங்கள் பிழைப்பு அன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

செல்லம்மா கரண்டியோடு கடையிலிருந்து இறங்கி மேடைக்கு முன்னால் வந்து நின்றார். மைக் இல்லாமலே அவர் குரல் கேட்டது.

"ஒடஞ்சது தெரியாமலா தட்டுனோம்? நானும் அன்னைக்குப் பாடுனவதான். அந்த ஆர்மோனியக் கெழவன் ஆறுலயே வச்சிக்கிட்டு எல்லாரையும் கொன்னான். அதே எடத்துல எனக்கும் ஒடஞ்சிது. பாதியில மேடைய விட்டு எறங்கிட்டேன். எனக்கு முன்ன பாடுனவளும் எறங்கிட்டா, பின்ன பாடுனவளும் எறங்கிட்டா. நீங்க கடைசியா வந்திய. ஒங்களுக்கும் ஒடஞ்சிது. ஆனா நீங்க எறங்கல. நின்னு முடிச்சிய. நாங்க எந்திரிச்சி நின்னது அதுக்குத்தான்."

கடைசியாகப் போய்ச் சேர்ந்த அக்காவுக்கு, தனக்கு முன்னால் பாடியவர்களின் கதை தெரிந்திருக்கவே இல்லை. கூட்டத்தில் வயதானவர்கள் சிலர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"அதுக்கப்பறம் பாடுனியளாம்மா?" என்று அக்கா கேட்டார்.

"எறங்குனவ எறங்குனவதான்."

"இப்பம் வாங்க. நாலரைதான். ஒடையாது."

செல்லம்மா ஒரு நொடி மேடையைப் பார்த்தார். "எண்ண காயுது தாயி," என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அக்கா திரும்பவும் நாலரையில் பாடினார். இந்தத் தடவை கைதட்டினார்கள். பழைய கைதட்டல் அளவுக்கு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

5. பிறகு

அன்றிலிருந்து ஆறு கட்டைக்கு நாங்கள் ஏறவே இல்லை. ஆய்க்குடிக்காரர்கள் அப்புறம் கூப்பிடவில்லை. இன்னும் சில ஊர்களும் விட்டுப் போயின. ஆனால் அக்காவின் குரல் கெடாமல் தப்பியது. நான் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் வேலை கிடைத்துப் போகும்வரை அவருக்குத்தான் வாசித்தேன். ரசிகர்களுக்குப் பிடித்ததால் அவருக்கும் அந்தப் பாட்டுப் பிடித்துப் போனது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது பொய். கடைசிவரை அவருக்கு அது பிடிக்கவில்லை. வார்த்தை மட்டம், மெட்டு அதைவிட மட்டம் என்பார். சொல்லிக்கொண்டே பாடுவார்.

மேடையில் வாசிக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பாடுகிறவருக்குப் பிடிக்காத பாட்டு எதுவென்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அதை அவருக்கு ஒத்துவருகிற கட்டையில் வையுங்கள். கேட்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் மேடையில் உட்கார்ந்துகொண்டு நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

அன்று குற்றாலத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அக்கா மடியில் ஒரு வறுவல் பொட்டலம் இருந்தது. செல்லம்மா கொடுத்தது. அவர் அதைப் பிரிக்கவே இல்லை. இலஞ்சி தாண்டும்போது, அப்பாவோடு போன அன்று மரம் விழுந்த இடத்தைக் கை காட்டினார். எனக்குச் சொல்கிறார் என்று நினைத்துக் குனிந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"கைதட்டுனவுகளுக்கும் தெரிஞ்சிருக்கு, அப்பா," என்றார்.