முருகன் படத்துக்குப் பக்கத்தில் நான்

அறுபதுகளில் அமெரிக்காவில் ஒரு பாக்டீரியா மரபியல் ஆய்வுக்கூடத்தில் எனக்கு இடம் கிடைத்தபோது என் மகளுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. கணவருக்கு வடக்கே வேலை. தென்காசியில் இருந்த என் அக்காவுக்குப் பிள்ளை இல்லை. "நீ போயிட்டு வாட்டி, நான் பாத்துக்கிடுதேன்" என்று கைநீட்டி வாங்கிக்கொண்டாள். பிள்ளையை விட்டுவிட்டு ஒரு தாய்க்கு என்ன படிப்பு என்று ஊர் பேசியது. இதே ஊர், பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு சிலோனுக்கும் பர்மாவுக்கும் கடை வைக்கப் போன ஆண்களை ஒரு வார்த்தை கேட்டதா? போகட்டும்.

அங்கே என் வேலை, மரபணு கெட்டுப்போன பாக்டீரியாக்களைத் தேடிப் பிடிப்பது. தனக்கு வேண்டிய ஏதோ ஒரு சத்தைத் தானே செய்துகொள்ளத் தெரியாதவை அவை. நாம் ஊட்டினால்தான் வளரும். கெட்டது எந்த மரபணு என்று கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அந்த வேலை உயிர். ஆனாலும், நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பேரன் பேத்தி எடுத்துவிடும் அந்தப் பாக்டீரியாக்களைக் குடுவையில் பார்த்தால் பாழாய்ப்போன மனசு தென்காசிக்கு ஓடிவிடும். இப்போது தவழ்வாளா, நடப்பாளா? சாரல் முகத்தில் அடித்தால் சிரிப்பாளா, அழுவாளா? அவளை ஒரு தடவை மடியில் வைத்துக்கொள்ள மாட்டோமா என்று தவித்த தவிப்பை அங்கே யாரிடம் சொல்ல?

மூன்று வருஷம் கழித்து, ஆனிச் சாரலில் வந்து இறங்கினேன். மகள் அக்காவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அம்மா வந்திருக்கேன் பாரு" என்றேன்.

தலையை ஆட்டி மறுத்துவிட்டுச் சுவரைக் காட்டினாள். "அம்மா அங்கன இருக்காவ."

அங்கே முருகன் படத்துக்குப் பக்கத்தில் என் போட்டோ. நெற்றியில் குங்குமம், மேலே பிச்சிப்பூ. எனக்கு வந்ததே கோபம்!

"ஏக்கா, நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"வாயைக் கழுவுட்டி!" அக்கா பதறிப்போனாள். "சாமி பக்கத்துல இருந்தா பிள்ளைக்கு மறக்காதுன்னுதான் வச்சேன். நெதம் உன்னையக் கும்பிட்டுட்டுத்தான் பால் குடிப்பா. என்னைய ஒருநாளும் அம்மான்னு கூப்பிட விட்டதில்ல."

மகளை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனேன். அல்வா வாங்கிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள், மடிக்கு மட்டும் வரவில்லை. குத்துக்கல்லாட்டம் நான் இருக்கும்போது படம் எதற்கு என்று ஒரு காலையில் அதைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

குளித்துவிட்டு வந்தவள் கைகூப்பி நிமிர்ந்தாள். வெறும் ஆணி.

"பெரியம்மா, அம்மாவைக் காணோம்!"

வீடே அதிர அழுதாள். அக்கா எவ்வளவு கெஞ்சியும் பாலைத் தொடவில்லை. நான் கிட்டே போனால் இன்னும் வீறிட்டாள்.

பெட்டியைத் திறந்து, படத்தை என் கையாலேயே மாட்டினேன். அழுகை நின்றது. கும்பிட்டாள். பிறகு தானாகவே நடந்து வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். ஈரக்கையால் என் கன்னத்தைத் தடவினாள்.

"நீங்க நல்ல அத்தை" என்றாள்.