கருவாட்டுக் குழம்பும் கொழும்புக் கப்பலும்

எங்கள் சிக்கல் ஊர்ப் பக்கத்தில் கொழும்புக் கப்பலுக்கே தடை போட்ட பிள்ளை நான் ஒருத்திதான். சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வெள்ளைக்காரன் போய்ச் சில வருசம் ஆகியிருந்தது. எனக்கு ஆறேழு வயது இருக்கும்.

எங்கள் அய்யாவுக்கு ஒரே அண்ணன். அந்தப் பெரியய்யா கொழும்பில் கடை வைத்திருந்தார். மழை பொய்த்து எங்கள் மிளகாய்ச் செடி காய்ந்து நின்ற நேரம் பார்த்து ஊருக்கு வந்தார். எனக்கு வாசனை சோப்பு, அம்மாவுக்குப் பூப்போட்ட சேலை, தம்பியான எங்கள் அய்யாவுக்குக் கப்பலேறப் பர்மிட்டு. கூட வந்தால் கடையில் பாதி உனக்கு என்றார். அய்யா தலையாட்டினார். அண்ணன் சொல்லுக்கு மறுபேச்சுப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

அம்மாவுடைய தகப்பனாரும் கொழும்புக்குப் போனவர்தான். மகள் கல்யாணத்துக்குக்கூட வந்து சேரவில்லை. அவள் தகரப்பெட்டியில் அய்யாவின் வேட்டிகளை மடித்து வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் மடித்து வைத்தாள்.

புறப்படுவதற்கு முதல் நாள் நான் முருங்கை மரத்தடியில் நின்று கீரை உருவினேன். அந்த மரத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக் கிடக்கும். விடிந்து பார்த்தால் கழுத்து, முதுகு எல்லாம் தடித்துப்போய் ஒரே அரிப்பு. அம்மா என்னை வெளிச்சத்தில் நிறுத்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் தகரப்பெட்டியைப் பார்த்தாள். கொல்லைக்குப் போய் வேப்பங்கொத்து ஒடித்துவந்து நிலையில் செருகிவிட்டாள்.

வாசலில் வேப்பிலை ஏறிவிட்டால் அம்மை கண்ட வீடு. பிள்ளை தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டு ஆள் ஊர் தாண்டக் கூடாது. அடுப்பில் தாளிப்பு கூடாது, கவிச்சி கூடவே கூடாது.

பெரியய்யா மாட்டுவண்டியோடு வந்தவர் வேப்பிலையைக் கண்டதும் தெருவிலேயே நின்றுவிட்டார்.

"என்ன தாயி இது, இன்னைக்குப் பாத்து?"

"நானா அழைச்சேன்? மாரியாத்தா வந்து எறங்கிட்டா. உள்ள வந்து பிள்ளையப் பாருங்க பெரியவுகளே," என்றாள் அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து.

"வேணாம், வேணாம்." பெரியய்யா வண்டிப் பக்கம் ஒதுங்கினார். "மண்டபம் கேம்புல டாக்டரு ஒவ்வொருத்தனையும் சட்டையக் கழத்திப் பாக்குறான். அம்மை வீட்டுக்குள்ள போனேன்னு தெரிஞ்சா என்னையும் கப்பலேத்த மாட்டான். ஏலே, ரயிலு நமக்காக நிக்காது. என்ன சொல்ற நீ?"

அய்யா வேப்பிலையைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார்.

"ஆத்தா இருக்குற வீட்ட விட்டு எப்பிடிண்ணே வாரது? நீங்க முன்னால போங்க."

அண்ணனுக்கு அவர் சொன்ன முதல் மறுபேச்சு அதுவாகத்தான் இருக்கும். வண்டி தனியாகப் போனது. பெரியய்யா அங்கே நன்றாகத்தான் வாழ்ந்தார், குறை சொல்ல மாட்டேன். எங்கள் தகரப்பெட்டியில் அதற்கப்புறம் மிளகாய் விதைதான் இருந்தது. அடுத்த மழை ஏமாற்றவில்லை.

எனக்கு ராஜ உபசாரம். வேப்பிலைப் படுக்கை, இளநீர், பதநீர். தெருப்பிள்ளைகள் தூரத்தில் நின்று என்னைக் கும்பிட்டன. சாயங்காலமே தடிப்பு வற்றிப்போனது ஒன்றுதான் எனக்குக் குறை.

மறுநாள் மத்தியானம் அம்மா கதவைச் சாத்தினாள். அம்மை வீடென்று யாரும் எங்கள் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. கடுகு வெடித்தது. கருவாட்டு வாசம் வீடெல்லாம் ஏறியது. அய்யாவுக்கு அதுதான் உயிர்.

வட்டிலில் குழம்பு விழுந்ததும் அய்யா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அவள் அகப்பையும் கையுமாய் அசையாமல் நின்றாள். அவர் ஒரு வாய் உண்டார்.

"நல்லாருக்கு. இன்னுங் கொஞ்சம் ஊத்து."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊற்றினாள்.

எனக்கோ உதறல். இப்படிக் கவிச்சி சமைத்தால் ஆத்தா கோபித்துக்கொண்டு போய்விடுவாள், கப்பல் திரும்பி வந்து அய்யாவை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஓடிப்போய் வேப்பிலைக்கு முன்னால் நின்று, "தெரியாமச் செஞ்சிட்டாக ஆத்தா, மன்னிச்சுக்க," என்று இருவருக்காகவும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அய்யாவுக்குப் புரையேறியது. அம்மா அவர் தலையில் தட்டிக்கொண்டே சிரித்தாள். சாமி காரியத்தில் இவர்களுக்கு என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபம் கோபமாய் வந்தது.