பற்றுச்சீட்டு வந்த அன்று

இரண்டு வருஷத்துக்கு முந்திய ஆடி மாதம். டிக்கோயாவுக்கு மேலே, தோட்டத்து ஓரமாக இருக்கும் எங்கள் வீட்டில் நான் தனியாக இருந்தேன். கொழும்பில் வேலை செய்யும் மகன் வங்கிக் கடனில் கட்டிய வீடு அது. கடன் தரும்போதே வீட்டுக்குக் காப்புறுதி போட வேண்டும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அது என்ன என்று கேட்டதற்கு, வீட்டுக்கு ஏதாவது ஆனால் காப்புறுதிக்காரர் செலவைப் பார்த்துக்கொள்வார்கள் என்றான் மகன்.

விடாத மழையில் ஒருநாள் காலை பின்பக்க மண்மேடு சரிந்து, சமைக்கிற குசினிச் சுவரில் விழுந்தது. சுவர் வெடித்தது, கூரைத் தகரம் மடங்கியது. மகன் காப்புறுதிக்காரருக்கு அறிவித்தான். அங்கிருந்து ஒரு தம்பி வந்து படம் எடுத்தார். மரியாதையான பிள்ளை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். முந்தியும் மண் விழுந்திருக்கிறதா என்று கேட்டார். வெளியாட்களோடு பேசவே எனக்குக் கூச்சம். இருந்தாலும் மறைப்பானேன் என்று, அதற்கு முந்திய வருஷமும் கொஞ்சம் சரிந்ததைச் சொன்னேன். மழைத்தண்ணீர் ஓடும் கான் நிரம்பினால் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்றும் காட்டினேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சுவர் கட்டப் பணமும் வந்தது.

கட்டி முடித்த கொஞ்ச நாளில் ஒரு கடிதம் வந்தது. நான் அஞ்சாம் வகுப்பு வரைதான். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ‘வீடு’ என்று இருந்தது. ‘இரத்து’ என்று இருந்தது. கீழே ‘பற்றுச்சீட்டு இணைக்கப்பட்டுள்ளது’ என்று இருந்தது. அதற்கு மேல் கண் ஓடவில்லை.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பற்றுச்சீட்டு என்றால் ஒன்றுதான். தோட்டத்துத் துரை அதைக் கொடுத்தால் வேலையும் இல்லை, லயத்தில் குடியிருக்கக் காம்பிராவும் இல்லை. என் அப்பாவுக்கு அது கிடைத்த அன்று எங்கள் சட்டி பானையெல்லாம் ரோட்டில் கிடந்தது.

மகனுக்குச் சொல்லப் பயம். நான் வாயைத் திறந்ததால்தானே அவன் வீடு போகிறது? சாமிப் படத்தைத் துணியில் சுற்றினேன். பாத்திரங்களைச் சாக்கில் போட்டேன். எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. மிச்சச் சாமானுக்குக் காட்போட் பெட்டி கேட்க, டவுனில் வழக்கமாகச் சாமான் வாங்கும் முஸ்லிம் நானாவின் கடைக்குப் போனேன். எதற்குப் பெட்டி என்றார். கடிதத்தை நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தார்.

“யாரும்மா ஒங்கள வீட்ட விட்டுப் போகச் சொன்ன? இது ரசீது. நீங்க கட்டின காசுல மிச்சத்தத் திருப்பித் தாறாங்க. வீடு ஒங்கடதுதான். இன்சூரன்ஸ மட்டும் வெட்டிட்டாங்க.”

அங்கிருந்த அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் கேள்வி வந்தது.

“எதுக்குங்க வெட்டுனாங்க?”

“மண் விழுந்திச்சின்னு அவங்களுக்குச் சொன்னீங்கதானே, அதுக்குத்தான்னு இதுல போட்டிருக்கு.”

“மண்ணு விழுந்தா சொல்றதுக்குத்தானுங்களே அது?”

நானா தாடியைத் தடவினார். “அத எனக்கிட்ட கேக்காதீங்க. என்ட கடைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு. எலி மூட்டையக் கடிச்சாக்கூட நான் சத்தம் போடுறதில்ல.”

மகன் வேறு காப்புறுதிக் கம்பனிகளில் கேட்டான். முன்பு ஏதாவது சேதம் அறிவித்தீர்களா என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வியாம், ஆமென்றால் முடியாது என்கிறார்களாம். வங்கியோ, காப்புறுதி எங்கே என்று கேட்கிறது. இன்னும் அலைகிறான்.

இந்த வருஷம் கீழ்வீட்டுத் தங்கச்சியின் சுவரில் வெடிப்பு. “நீங்க சொன்னீங்கதானே அக்கா, நானும் இன்சூரன்ஸ்காரங்களுக்குச் சொல்லவா?” என்று கேட்டாள். சொன்னால் வெட்டுவார்கள். சொல்லாவிட்டால் சுவர் விழும். கடைசியில், “எனக்கு நடந்ததயும் நெனச்சுகிட்டு சொல்லும்மா” என்றேன். சொல்லு என்றேனா, சொல்லாதே என்றேனா, எனக்கே விளங்கவில்லை. அவள் இன்னும் அறிவிக்கவில்லை. மழை பிடித்தால் என் சுவரை விட்டுவிட்டு அவள் சுவரைத்தான் எட்டிப் பார்க்கிறேன். உள்ளதை உள்ளபடி சொல்வதற்கும் இவ்வளவு யோசிக்க வேண்டும் என்பதை இந்த வயதில்தான் படிக்கிறேன், அதுவும் பாதிதான் விளங்குகிறது.