கிளைமாக்ஸுக்கு முன்னால் அடிக்கும் ஹாரன்

சித்தப்பாவின் வேனில் இருக்கும் ஹாரன் அந்த வேனோடு வந்ததல்ல. பழைய ஜீப்பிலிருந்து கழற்றி மாட்டியது. ஜீப்பை எடைக்குப் போட்ட அன்று, ஸ்பேனரோடு போன சித்தப்பா வேறு எதையும் தொடாமல் ஹாரனை மட்டும் கழற்றி, மேல்துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தார். சளி பிடித்த வாத்து கத்துவது மாதிரி ஒரு சத்தம் அதற்கு. போடியில் அவர் குடியிருக்கும் தெருவில் கைக்குழந்தைக்குக்கூட அது தெரியும். எனக்கோ, அந்தச் சத்தம் கேட்டால் முதலில் கால் எழுந்து நின்றுவிடும்; அப்புறம்தான் என்ன ஏது என்று புத்திக்கு எட்டும். சிறுவயதில் நான் பார்த்த அத்தனை சினிமாவும் அந்த ஹாரனோடுதான் முடிந்திருக்கிறது.

அப்போது நாங்கள் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், மலைமேல் ஒரு ஏலத்தோட்டத்தில் இருந்தோம். அப்பா அங்கே கணக்குப்பிள்ளை. அப்பாவின் தம்பியான சித்தப்பா ஜீப் ஓட்டினார். ஏலக்காய் மூட்டைகளோடு போடிக்கு இறங்குவார். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், இடுக்கில் எத்தனை பேர் அடங்குவார்களோ அத்தனை பேர் என்று ஏற்றிக்கொண்டு சாயங்காலம் மலையேறுவார். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் அம்மா, நான், தம்பி மூன்று பேரும் அந்த ஜீப்பில் தொற்றிக்கொள்வோம். சித்தப்பா எங்களைத் தியேட்டர் வாசலில் இறக்கிவிட்டு லோடு ஏற்றப் போவார். மத்தியானக் காட்சி. முறுக்கு, சோடா, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க ஒரு ஓட்டம். அதைவிடப் பெரிய லீவு எங்களுக்குத் தெரியாது, தேவைப்படவும் இல்லை.

ஆனால் சித்தப்பாவுக்கு ஒரு கட்டாயம் இருந்தது. "மஞ்சு எறங்குறதுக்குள்ள மேல போயிறணும்." மலையாளம் கலந்த எங்கள் பேச்சில் மூடுபனிக்கு மஞ்சு என்றுதான் பெயர். மலைப்பாதையில் அது இறங்கிவிட்டால் முன்சக்கரம் ரோட்டில் இருக்கிறதா ஆகாயத்தில் இருக்கிறதா என்று தெரியாது. சித்தப்பாவோடு வண்டி கற்ற ஒருவர் அப்படித்தான் ஒரு வளைவில் போய்ச் சேர்ந்தார். அதனால் பொழுது சாயத் தொடங்கியதும் தியேட்டர் வாசலில் வாத்து கத்தும். உள்ளே சரியாக அப்போதுதான் வில்லன் கதாநாயகியைத் தூணில் கட்டியிருப்பான். நாங்கள் குடும்பத்தோடு எழுந்து, வரிசையில் இருக்கிற முழங்கால்களை எல்லாம் இடித்துக்கொண்டு வெளியேறுவோம். "ஏ, உக்காருங்கப்பா, படம் மறைக்குதுல்ல!" என்று பின்னாலிருந்து சத்தம் வரும். அம்மா திரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடப்பாள். வாசலுக்கு வந்ததும், "ஒரு பத்து நிமிசம் பொறுக்க மாட்டியாப்பா? அந்தப் பாவி என்ன ஆனான்னு பாத்துட்டு வந்திருப்போம்ல!" என்று சித்தப்பாமேல் பாய்வாள்.

"ஏறுங்க மதினி, வெரசா! அவன் என்ன ஆனான்னு நான் சொல்றேன்" என்பார் சித்தப்பா.

சொல்லவும் செய்வார். ஒரு படத்தைக்கூடப் பார்க்காத மனிதர்! போடியிலிருந்து அடிவாரத்து முந்தல் வரைக்கும் அம்மா கதை சொல்ல வேண்டும். யார் யாருக்கு மகன், எவன் எவனைக் காட்டிக்கொடுத்தான், எல்லாவற்றையும். முந்தல் தாண்டி முதல் வளைவு வந்ததும் சித்தப்பா கையில் எடுத்துக்கொள்வார். அண்ணனும் தம்பியும் அடையாளம் தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் கத்தியை ஓங்கிய இடத்தில் ஒருமுறை எழுந்து வந்தோம். வளைவில் ஜீப்பை ஒடித்துத் திருப்பிக்கொண்டே, "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தும்முனானுங்க" என்றார். செத்துப்போன அப்பனுக்கும் அதே தும்மலாம். கத்தி கீழே விழுந்துவிட்டது, கட்டிப்பிடித்து அழுதார்கள், படம் முடிந்தது. பின்னால் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த தோட்டத்துப் பெண்கள், "அந்த வில்லன விட்டுறாதீங்கண்ணே!" என்று கத்துவார்கள். சித்தப்பா அவனையும் விடமாட்டார். ஆனால் கொல்லவும் மாட்டார். அவர் முடித்துவைத்த படங்களில் ஒரு உயிர் போனதில்லை. எத்தனை பெரிய வில்லனும் திருந்தி, தேவாரம் பக்கம் ஒரு பெட்டிக்கடை வைத்துப் பிழைத்துக்கொள்வான். மெட்டு உச்சியில் டீக்கடை தெரியும்போது சரியாக 'சுபம்' போட்டுவிடுவார்.

ஜீப்பில் எங்களோடு ஒரு நாயும் உண்டு. செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். அதன் பெயர் கிளீனர். வண்டிக்கு உதவியாள் வைக்கச் சித்தப்பாவுக்கு வசதி இல்லை. அந்த இடத்தில் இது வந்து ஏறிக்கொண்டதால் அந்தப் பெயர். வேலையும் அப்படித்தான் பார்த்தது. ஜீப்பை நிறுத்தினால் குதித்து இறங்கி நான்கு சக்கரத்தையும் மோந்து பார்க்கும், அதில் ஒன்றை நனைக்கும், பிறகு ஏறும். சில நாள் முன்னால் அம்மாவின் காலடியில் படுத்து வரும், சில நாள் பின்னால் மூட்டைமேல். டீக்கடைச் சேட்டன் அதற்கென்று ஒரு பன் எடுத்து வைத்திருப்பார்.

ஒரு மே மாத லீவில் நாய் நடித்த படம் ஒன்று வந்தது. சும்மா குரைத்துவிட்டுப் போகிற நாயல்ல, கதையே அதுதான். பொய்க்கேசில் ஜெயிலுக்குப் போன லாரி டிரைவரின் குழந்தையை அது வளர்க்கிறது. தொட்டிலை ஆட்டுகிறது, பால் புட்டியைத் தூக்கி வருகிறது. அம்மா மூக்கைச் சிந்திச் சிந்தி முந்தானையை ஈரமாக்கிவிட்டாள். நானும் தம்பியும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட நின்றே பார்த்தோம். வில்லனின் ஆட்கள் நாயைச் சாக்கில் போட்டுக் கட்டி, பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்தார்கள். சாக்கு தண்ணீரில் விழுந்தது. வாசலில் வாத்து கத்தியது.

அன்றைக்கு ஜீப்பில் கால் வைக்க இடமில்லாத லோடு. அம்மா இன்னும் தேம்பிக்கொண்டிருந்ததால் முந்தல் வரைக்கும் நான்தான் கதை சொன்னேன். முதல் வளைவில் சித்தப்பா தொண்டையைச் செருமினார். ஆனால் எதிரே ஒரு லாரி வந்து, பின்னால் எடுத்து, வழி விட்டு, அப்புறம் எஞ்சின் சூடாகித் தண்ணீர் ஊற்றி, இப்படியே கதை தொடங்காமல் தள்ளிப்போனது. மெட்டில் நின்றோம். வெள்ளையாகப் புகைந்துகொண்டு வந்தது மஞ்சு. சேட்டன் பன்னோடு வந்து, "எவிடெ நம்ம ஆளு?" என்றார்.

கிளீனர் இல்லை. முன்னால் இருந்த நாங்கள் அது பின்னால் இருக்கிறது என்று நினைத்திருந்தோம். பின்னால் இருந்தவர்கள் அது முன்னால் இருக்கிறது என்று நினைத்திருந்தார்கள். தம்பி மூட்டை இடுக்குகளில் எல்லாம் கையை விட்டுத் தேடினான். எனக்கு ஆற்றில் விழுந்த சாக்குதான் கண்ணில் நின்றது. அதற்குள் இருந்தது இப்போது சினிமா நாய் இல்லை, மடங்கிய காதோடு எங்கள் நாய்.

சித்தப்பா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தோட்டத்துப் பக்கம் போகிற இன்னொரு ஜீப்பை நிறுத்தி எங்களையும் மூட்டைகளையும் மாற்றி ஏற்றினார். தன் வண்டியைப் போடிப் பக்கம் திருப்பினார். அம்மா ஓடிப்போய் கதவைப் பிடித்துக்கொண்டாள். "ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? கொண்டவூசி வளைவு கண்ணுக்குத் தெரியல, இந்த மஞ்சுல எறங்குறேங்குற! காலைல போய்த் தேடலாம்ப்பா, சொன்னாக் கேளு."

"கிளீனர விட்டுட்டு எந்த வண்டி மதினி போகும்?" என்றார் சித்தப்பா. அவ்வளவுதான். வில்லனின் கதி தெரிய எங்களுக்குப் பத்து நிமிடம் தராத மனிதர், அந்த வெள்ளைக்குள் இறங்கிப்போனார். சிவப்பு விளக்கு இரண்டும் கொஞ்ச தூரம்கூடத் தெரியவில்லை. ஹாரன் சத்தம் மட்டும் வளைவுக்கு வளைவு கேட்டு, பிறகு அதுவும் நின்றது.

அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தம்பி, "அம்மா, அந்த நாய் பொழச்சிருச்சா?" என்று கேட்டான். எந்த நாயைக் கேட்கிறான் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. "சித்தப்பா வந்து சொல்வாரு, படு" என்றாள். அப்பா மட்டும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

விடிந்து, ஆட்கள் காட்டு வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் வாத்து கத்தியது. என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை, கேட்கப்போவதும் இல்லை. முன்சீட்டில், முதலாளி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து வந்தது கிளீனர். தம்பி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சகதியில் உருண்டான். அம்மா சித்தப்பாவை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அவருக்குத் தோசை ஊற்றினாள். திட்டு நிற்கவும் இல்லை, தோசை நிற்கவும் இல்லை. சித்தப்பாவின் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. தூக்கம் இல்லை, பாவம் என்று நினைத்தோம்.

கிளீனர் எங்கேயும் போகவில்லை. நாங்கள் முன்வாசல் வழியாக வெளியே வந்த நேரத்தில், அது பக்கவாட்டுக் கதவு வழியாக எங்களைத் தேடி உள்ளே போயிருக்கிறது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தை மோந்து கண்டுபிடித்து, அதிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. படம் முடிந்து அடுத்த காட்சிக்குக் கூட்டம் வந்தும் எழவில்லை. பக்கத்தில் வந்தவனை எல்லாம் பார்த்து உறுமியிருக்கிறது. சித்தப்பா போய்ச் சேர்ந்தபோது சாயங்காலக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. "என்னயப் பாத்ததும் வால ஆட்டுச்சு. வாடான்னா வரல. படத்தப் பாக்குது. சரின்னு நானும் பக்கத்துல ஒக்காந்துட்டேன். கடைசி வரைக்கும் பாத்துட்டுத்தான் ரெண்டு பேரும் எந்திரிச்சோம்" என்றார்.

எங்கள் குடும்பத்தில் ஒரு கிளைமாக்ஸை முதன்முதலாகப் பார்த்தது ஒரு நாயும் ஒரு சித்தப்பாவும்! தம்பிக்குப் பொறுக்கவில்லை. "அப்ப அந்த நாய் என்ன ஆச்சு சித்தப்பா?"

சித்தப்பா தோசையைப் பிட்டு, சட்னியில் தோய்த்து, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு சொன்னார். நாய் சாக்கைக் கடித்துக் கிழித்துக் கரையேறியது. ஈரத்தோடு ரோட்டுக்கு வந்தது. அந்த வழியாக ஒரு ஏலக்காய் லாரி வந்தது. "படத்துல ஏலக்கா லாரியா?" என்றேன் நான். "பெறகென்ன தேங்கா லாரியா? பாத்தவன் நானா நீயா?" லாரியில் ஏறி நேரே கோர்ட்டுக்குப் போய், வில்லனின் வேட்டியை எல்லார் முன்னாலும் உருவிவிட்டது. ஜட்ஜே சிரித்துவிட்டார். டிரைவரும் குழந்தையும் நாயும் வீட்டுக்குப் போனார்கள். அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து தோசை தீய்ந்துபோனது.

பல வருஷம் கழித்து, மதுரையில் கல்லூரி விடுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் அதே படம் போட்டார்கள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை, கடைசி வரை பார்த்தேன். நாய் சாக்கிலிருந்து தப்பித்தது நிஜம்தான். அப்புறம் குழந்தையைப் பார்த்து வந்த குண்டை அது வாங்கிக்கொண்டது. டிரைவரின் மடியில் தலை வைத்து, வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுக் கண்ணை மூடியது. லாரியும் இல்லை, ஜட்ஜும் இல்லை. நான் விசும்பி விசும்பி அழுதேன். நடுவிலேயே எனக்குச் சித்தப்பாவின் சிவந்த கண் ஞாபகம் வந்தது. தொலைந்த நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, இருட்டில் உட்கார்ந்து அந்த மனிதர் இதைப் பார்த்திருக்கிறார்! பார்த்துவிட்டு, மலையேறி வருகிற வழியிலேயே எங்களுக்கு வேறொன்றைத் தயார் செய்திருக்கிறார். அழுதுகொண்டிருந்தவள் சிரிக்க ஆரம்பித்ததும் அறைத்தோழிகள் பயந்துபோனார்கள். படத்தைப் பார்த்ததைச் சித்தப்பாவிடம் நான் சொல்லவில்லை. அம்மாவிடமும் தம்பியிடமும்கூடச் சொல்லவில்லை. நல்ல முடிவு ஒன்று கைவசம் இருக்கும்போது எதற்கு?

கிளீனர் வயதாகி, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் கதகதப்பில் படுத்தபடி ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தது. சித்தப்பா கல்யாணம் முடித்துப் போடியில் வீடு கட்டினார், ஜீப் போய் வேன் வந்தது. இப்போதும் அவரிடம் ஒரு நாய் இருக்கிறது, கறுப்பு. அதன் பெயரும் கிளீனர்தான். "ஏன் சித்தப்பா, வேற பேரே கெடைக்கலையா?" என்றால், "அது வேலையோட பேரு ஆத்தா, ஆளோட பேரு இல்ல" என்பார்.

போன மே மாத லீவுக்கு மகளோடு போடிக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, மகள் தரையில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் கறுப்புக் கிளீனரின் தலை. அடுப்படியில் சித்திக்குப் பாத்திரம் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், திரையில் ஒரு நாய் தொட்டிலை ஆட்டுகிறது. அதே படம்! மகள் கண் இமைக்காமல் பார்க்கிறாள். நிறுத்தினால் வீட்டை இரண்டாக்கிவிடுவாள், விட்டால் ராத்திரி முழுக்க அழுவாள். சாக்கைக் கட்டினார்கள், பாலத்துக்குத் தூக்கிவந்தார்கள். என்ன செய்வது என்று சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலி.

வாசலில் வாத்து கத்தியது.

"வெரசா வாங்க எல்லாரும்! மஞ்சு எறங்குறதுக்குள்ள மெட்டுல ஒரு டீயக் குடிச்சிட்டு வந்துருவோம்!"

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கறுப்புக் கிளீனர் முதலில் பாய்ந்து ஓடியது. மகள் டி.வி.யைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். முன்சீட்டு பறிபோய்விடும் என்ற பயம் வந்து நாயின் பின்னால் ஓடினாள். நான் டி.வி.யை அணைத்துவிட்டுப் போய் ஏறினேன்.

முந்தல் தாண்டும் வரை அவள் வேடிக்கை பார்த்தாள். முதல் வளைவுக்கு முன்னால் ஞாபகம் வந்துவிட்டது. "தாத்தா, அந்த நாயத் தண்ணில போட்டாங்களே, அது என்னாச்சு?"

சித்தப்பா கியரை மாற்றினார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஒங்கம்மாவக் கேளு ஆத்தா. அவளும் கடைசி வரைக்கும் பாத்தவதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்போது தெரிந்தது இந்த மனிதருக்கு? கண்ணாடியில் அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை, ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வளைவில் ஒடித்துத் திரும்பியது. மகள் முன்சீட்டில் மண்டியிட்டு, பின்பக்கம் திரும்பி என் வாயையே பார்த்தாள்.

"அது சாக்கக் கடிச்சுக் கிழிச்சுக் கரையேறிருச்சுடீ" என்று தொடங்கினேன். "ஈரத்தோட ரோட்டுக்கு வந்து நின்னுச்சா? அந்தப் பக்கமா ஒரு லாரி வந்துச்சு..."

"ஏலக்கா லாரி" என்று திருத்திவிட்டு, சித்தப்பா ஹாரனை அடித்தார்.