பெட்டியோடு நின்றவன்

எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். எழுத்து என்று எது வீட்டுக்குள் வந்தாலும், அது கூட்டுறவுச் சங்கத் தாளாக இருந்தாலும் என் பள்ளிக்கூடத் தாளாக இருந்தாலும், முதலில் என் கைக்குத்தான் வரும். படித்துச் சொல்லி முடித்தபின் நான் காட்டும் இடத்தில் அப்பாவும் அம்மாவும் பெருவிரலை வைப்பார்கள். படித்துச் சொல்லாமல் ஒரு தாளிலும் அவர்களை விரல் வைக்க விட்டதில்லை. அந்தக் கர்வம் எனக்கு உண்டு. விட்டுக்கொடுப்பதாக இல்லை.

சுருளிப்பட்டியில் எங்களுக்கு அரை ஏக்கர் பன்னீர்த் திராட்சை. வீட்டுக்கு ஒரே கைபேசி. பகலில் அது அப்பாவோடு தோட்டத்துக்குப் போகும், சாயங்காலம் என்னிடம் வரும். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். திராட்சை விலை போடும் தளம் ஒன்றை ஒரு தொடலில் திறக்கும்படி வைத்துக் கொடுத்திருந்தேன். தினமும் காலையில் திறந்து எண்ணைப் பார்ப்பார்.

நான் கோயம்புத்தூரில் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. கிடைக்காமல் போனால் ஊர் வாயில் விழ வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை. இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை சான்றிதழ்களோடு நேரில் போக வேண்டும், போகாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. செய்தி வந்த சந்தோசத்தில், அப்பாவிடம் சொல்வதற்கு முன்பே, சக்கரம் வைத்த பெட்டி என்ன விலை என்று கைபேசியில் தேடினேன். வாங்கவில்லை. நாலைந்து கடைகளின் தளங்களைப் பார்த்ததோடு சரி.

மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, தோட்டத்திலிருந்து வந்த அப்பா சாப்பிட உட்காரவில்லை. கூடவே சித்தப்பாவும் வந்திருந்தார். கூடலூரிலிருந்து குமுளிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிப் போகிறவர்.

“ஆத்தா, இவன் யாரு?” என்று அப்பா என்னிடம் கைபேசியை நீட்டினார்.

விலைப் பட்டியலுக்கு நடுவே ஒரு வெள்ளைச் சட்டைப் பையன். ஒரு கையில் சிவப்புப் பெட்டி. இன்னொரு கையைப் படத்துக்கு வெளியே யாருக்கோ நீட்டிக்கொண்டு சிரித்தான். மேலே இரண்டு வரி ஆங்கிலம்.

“மூணு நாளா வாரான். எண்ணப் பாக்க விடமாட்டேங்கிறான். எங்கன தொட்டாலும் நடுவுல வந்து நிக்கிறான்.”

“பெட்டிய வாங்கி ரெடியா வச்சிருக்கான் பாருண்ணே,” என்றார் சித்தப்பா. “கைய வேற நீட்டுறான். நம்ம பிள்ள அவன்கூட பஸ் ஏற வேண்டியதுதான் பாக்கி.”

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அப்பா முகம் கறுத்தது.

“அப்பா, இது விளம்பரம்ப்பா. கடைக்காரக போடுறது.”

“விளம்பரம்னா எல்லாருக்கும்ல வரணும்?” என்று சித்தப்பா தன் கைபேசியை எடுத்துக் காட்டினார். “எனக்கு டயரால்ல வருது. இவன் ஏன் உங்க வீட்டுக்கு மட்டும் வாரான்?”

கேள்வி என்னவோ சரியான கேள்விதான். கோயம்புத்தூர் விசயத்தை அப்போது போய்ச் சொன்னேன், அதைவிட மோசமான நேரம் இருந்திருக்க முடியாது. “அதான, படிக்கப் போறேன்னுதான் எல்லாரும் கிளம்புறாக,” என்றார் சித்தப்பா. அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார். “எங்கனயும் போகவேண்டாம்.”

அழவில்லை. சித்தப்பா போனபின், அப்பா கண் முன்னாலேயே வைத்துக்கொள்வதாகச் சொல்லிக் கைபேசியை வாங்கினேன். உலாவியின் அமைப்புகளுக்குள் போனேன். நான் பார்த்த தளங்கள், கேள்விப்படாத விளம்பர நிறுவனங்கள் என்று பெயர்கள் பக்கம் பக்கமாக இறங்கிக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் எங்கள் கைபேசியில் குக்கீ என்ற அடையாளக் குறிப்பு ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தது. அனுமதி கொடுத்தது யார்? நான்தான். ஒவ்வொரு தளத்திலும் ஒரு கட்டம் எழுந்து கேட்டபோது, தொல்லை விட்டால் போதும் என்று ‘எல்லாவற்றையும் ஏற்கிறேன்’ என்பதை அமுக்கியிருக்கிறேன். ஒரு வரி படித்ததில்லை. அமுக்கியதும் இதே பெருவிரலால்தான். பதினைந்து வருடம் படித்துவிட்டு நானும் கைநாட்டுத்தான் வைத்திருந்தேன். சித்தப்பாவின் பேச்சைவிட அது அதிகம் சுட்டது.

அப்பாவுக்கு அவர் தொழிலை வைத்தே சொன்னேன். “நம்ம திராட்சைப் பெட்டியில வியாபாரி பெயிண்டால குறி போடுறாருல்ல? அந்தப் பெட்டி எந்தச் சந்தைக்குப் போனாலும் குறியப் பாத்து இன்ன ஆளு சரக்குன்னு சொல்லிருவாக. அது மாதிரிதான். துணிப்பெட்டி விக்கிற கடையோட பக்கத்துல நான் வெலை பாத்தப்ப இந்தப் போன்ல ஒரு குறி போட்டுட்டாக. விலை போடுற எடத்துலயும் அதே விளம்பரக்காரக ஆளு உக்காந்திருக்காக. குறியப் பாத்ததும் பெட்டியத் தூக்கிக் காட்டுறாக. உங்களையும் தெரியாது, என்னையும் தெரியாது. போனத்தான் தெரியும்.”

அப்பா நம்பவில்லை. “வாயால சொன்னா ஆச்சா?”

“சரி, நம்ம வீட்டுல யாருமே இதுவரைக்கும் தேடாத ஒண்ணச் சொல்லுங்க. தேடிப் பாப்போம். நாளைக்கு என்ன வருதுன்னு பாருங்க.”

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: “வழுக்கையில முடி மொளைக்கிற எண்ணெயத் தேடுத்தா. ஒங்க சித்தப்பாவுக்கு ஆகும்.”

தேடினேன். நாலு தளங்களைத் திறந்து, கேட்டதற்கெல்லாம் சம்மதம் கொடுத்தேன். இந்த முறை ஒவ்வொன்றையும் அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டு.

மறுநாள் காலை ஜீப்பை நிறுத்திவிட்டுச் சித்தப்பா வந்தபோது அப்பா விலை பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் பாதித் தலை வழுக்கை, மீதித் தலை சுருள்முடியாக ஒரு ஆள் சிரித்தான். அப்பா நகர்த்தினார். கீழேயும் அவனே நின்றான். கைபேசியை மெதுவாகத் தம்பி பக்கம் திருப்பினார்.

“ஏலே, இவன் யார்றா? நீ இவன்கூடயா கிளம்பப் போற?”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பாவின் கை தானாகத் தலைக்குப் போனது. நடந்ததைக் கேட்டபின்னும் அவர் விடவில்லை. “விளம்பரமாவே இருக்கட்டும்ணே. பெட்டி தேடுனது நெசந்தான? பொம்பளப் பிள்ள அம்புட்டுத் தூரம் எதுக்கு?”

“நெசந்தான் சித்தப்பா,” என்றேன். “போறதுக்குத்தான் தேடினேன். ஒளிச்சு வச்சது என் தப்பு. போகணும்னு நெனச்சது தப்பில்ல. நான் எங்கன போறேங்கிறத நான் சொல்லுவேன். விளம்பரக்காரன் சொல்லவும் வேண்டாம், நீங்க சொல்லவும் வேண்டாம்.”

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். “அந்தக் குறிய அழிக்க முடியுமா?”

முடியும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். சேர்ந்திருந்த குக்கீகளை அழித்தோம். நாம் திறக்கும் தளத்தைத் தவிர மற்றவர்கள் குக்கீ வைப்பதைத் தடுத்தோம். நம் தேடலைப் பார்த்து விளம்பரம் காட்டும் ஏற்பாட்டையும் அணைத்தோம். விளம்பரம் வருவது நிற்காது, நம்மைப் பின்தொடர்ந்து வருவதுதான் குறையும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். விலைத் தளத்தை மறுபடி திறந்ததும் அந்தக் கட்டம் எழுந்தது.

“இதுல எத அமுக்க?”

“பெருசா கலரா இருக்கிறது அவுகளுக்கு ஆனது. ஓரத்துல வெளுத்துப்போயி இருக்கு பாருங்க, அதுல வேண்டாம்னு எழுதியிருக்கு. அது நமக்கு.”

எழுத்துத் தெரியாத என் அப்பா, பெருவிரலால் ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினார். ஒரு விசயத்தை அவர் விரல் மறுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே கேட்டார்: “வெள்ளிக்கிழமை எத்தன மணிக்கு பஸ்சு?”

அந்தச் சிவப்புப் பெட்டியை நான் வாங்கவேயில்லை. கம்பத்துத் துணிக்கடை ஒன்றின் கட்டைப்பையில் துணியையும் சான்றிதழ்களையும் அடுக்கிக்கொண்டு பேருந்து ஏறினேன். பையின் இரண்டு பக்கமும் கொட்டை எழுத்தில் கடைப் பெயர் இருந்தது. அதுவும் விளம்பரம்தான். ஆனால் அது என் பின்னால் வரவில்லை. நான் போன இடத்துக்கு நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு போனேன்.